முடிவுறாத விளையாட்டும் விளையாடுவோர் தரும் பின்னூட்டலும்

(தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல்: முறைமை விருத்தி அலகுக்கான மேலதிக விளக்கம்)

அறிமுகம்

மாணவர்களே, முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தின் படிமுறைகளை நீங்கள் கற்றிருப்பீர்கள். தேவைகளை இனங்காணல், வடிவமைத்தல், குறிமுறையாக்கல், சோதித்தல், நிறுவுதல், பராமரித்தல் என வரிசையாகக் கூறவும் உங்களால் முடியும். ஆனால் "பயனரிடமிருந்து பெறப்படும் பின்னூட்டலின் பயன் யாது? உதாரணம் தந்து விளக்குக" என வினவினால், பலர் "வழுக்களைக் கண்டறியலாம்" என எழுதி நிறுத்திவிடுகின்றனர். அவ்விடை தவறன்று. எனினும் அது பாதி விடையே.

மீதிப் பாதியை விளங்கிக்கொள்வதற்குக் கணினி விளையாட்டு ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது முழுமையாக முடிக்கப்பட்ட விளையாட்டு அன்று. பெரிய எண்ணத்துடன் தொடங்கப்பட்டு, நேரம் போதாமையால் இடையிலே நின்றுபோன விளையாட்டாகும். முடிவுறாத ஆக்கத்துக்குக் கிடைக்கும் பின்னூட்டலை எவ்வாறு வாசிப்பது, எதனை ஏற்பது, எதனை விடுவது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கேம் ஜாம் என்றால் என்ன?

இசைக்கலைஞர்கள் முன்னேற்பாடின்றி ஒன்றுகூடி வாசிப்பதை ஆங்கிலத்தில் 'ஜாம்' என்பர். அதே போன்று, மிகக் குறுகிய காலத்தினுள் ஒரு கணினி விளையாட்டை ஆரம்பம் முதல் உருவாக்கும் நிகழ்வு 'கேம் ஜாம்' எனப்படுகின்றது. 2002 மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் இன்டி கேம் ஜாம் நடைபெற்றது. அதற்கு அடுத்த மாதமே லூடம் டாரே எனும் நிகழ்வு இணையத்தின் ஊடாக ஆரம்பமாயிற்று. 'லூடம் டாரே' என்பது 'விளையாட்டைக் கொடுத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடராகும். 2009 ஜனவரி இறுதியில் முதலாவது குளோபல் கேம் ஜாம் 23 நாடுகளில் 53 இடங்களில் ஒரே வாரஇறுதியில் நடாத்தப்பட்டது.

இவ்வாறான நிகழ்வுகளின் பொதுப் பண்புகள் பின்வருமாறு:

(அ) ஆரம்பத்திலேயே ஒரு கருப்பொருள் அறிவிக்கப்படும்.
(ஆ) கால எல்லை கண்டிப்பானது. லூடம் டாரே நிகழ்வில் தனியொருவர் செய்யும் பிரிவுக்கு 48 மணித்தியாலங்களும், குழுவாகவும் செய்யக்கூடிய பிரிவுக்கு 72 மணித்தியாலங்களும் வழங்கப்பட்டன.
(இ) கால எல்லை முடிந்ததும் விளையாட்டைப் பிறர் விளையாடிப் பார்ப்பதற்குச் சமர்ப்பிக்க வேண்டும்.

லூடம் டாரேயில் இதற்குப் பின்னர் வருவதே எமது பாடத்துக்கு முக்கியமானது. பங்குபற்றியவர்கள் ஒருவர் மற்றவரின் விளையாட்டை விளையாடிப் புள்ளியிடுவர், கருத்தும் எழுதுவர். ஒட்டுமொத்தம், மகிழ்ச்சி, புதுமை, கருப்பொருள், வரைகலை, ஒலி, நகைச்சுவை, உணர்வுச்சூழல் என எட்டு வகைகளில் புள்ளிகள் இடப்பட்டன. இறுதிப் புள்ளி கணிக்கப்படுவதற்கு ஒரு விளையாட்டு குறைந்தது 20 பேரின் மதிப்பீட்டைப் பெற்றிருத்தல் வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆகவே உருவாக்கும் காலம் இரண்டு மூன்று நாட்களாயினும், பின்னூட்டல் பெறும் காலம் அதனைவிட நீண்டதாகும்.

2. விளையாட்டு ஏன் முடிவுறாமற் போகின்றது?

பின்வரும் நிலைமையைக் கருதுக. இது விளக்கத்துக்காக ஆக்கப்பட்ட ஓர் உதாரணமாகும்.

மூவர் கொண்ட குழுவொன்று 72 மணித்தியாலப் பிரிவில் பங்குபற்றுகின்றது. கருப்பொருள் 'வழிகாட்டி' என்பதாகும். குழுவினர் வெளிச்சவீடு ஒன்றைப் பற்றிய விளையாட்டை உருவாக்கத் தீர்மானிக்கின்றனர். இரவில் விளையாடுபவர் வெளிச்சவீட்டின் ஒளிக்கற்றையைத் திருப்ப, படகுகள் அவ்வொளியைப் பின்தொடர்ந்து கரைசேரும். பகலில் அவர் கிராமத்துக்குச் சென்று மக்களுடன் உரையாடுவார். கடையில் எண்ணெய் வாங்குவார். மொத்தம் ஐந்து தீவுகள், பன்னிரண்டு கிராமத்தவர்கள்.

இத்திட்டம் சாத்தியமானதா எனக் கணித்துப் பார்ப்போம். ஒருவருக்கு 72 மணித்தியாலங்கள். அதில் மூன்று இரவுகளின் உறக்கத்துக்கு 21, உணவு முதலியவற்றுக்கு 9 எனக் கழித்தால் எஞ்சுவது 42. மூவருக்கும் சேர்த்து 126 மணித்தியாலங்கள். தேவைப்படும் நேரமோ பின்வருமாறு அமைகின்றது:

ஐந்து தீவுகள் (தலா 20): 100
பன்னிரண்டு கிராமத்தவர்கள் (தலா 4): 48
ஒளிக்கற்றையும் படகுகளும்: 20
கடை: 15
ஒலி: 10
ஆரம்பத் திரையும் முடிவுத் திரையும்: 10
மொத்தம்: 203 மணித்தியாலங்கள்

ஆகவே 77 மணித்தியாலங்கள் குறைவாக உள்ளன. சோதித்தலுக்கு ஒரு மணித்தியாலமேனும் ஒதுக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க. குழுவினர் சோம்பேறிகளாக இருந்ததனால் விளையாட்டு முடிவுறாமற் போகவில்லை. முதல் மணித்தியாலத்திலேயே வேலையின் பரப்பு நேரத்தை விஞ்சிவிட்டது.

கால எல்லை முடிந்தபோது சமர்ப்பிக்கப்பட்டது இதுதான்: ஒரு தீவு, நன்றாக இயங்கும் ஒளிக்கற்றை, உரையாடக்கூடிய மூன்று கிராமத்தவர்கள், உள்ளே செல்லலாம், ஆனால் வெளியேற முடியாத கடை. ஒலி இல்லை. முடிவும் இல்லை.

3. கிடைத்த பின்னூட்டல்கள்

இவ்விளையாட்டுக்குப் பின்வரும் ஆறு கருத்துகள் கிடைத்தன எனக் கொள்வோம்.

(1) "அருமை! தொடர்ந்து செய்யுங்கள்."
(2) "சரியில்லை. நேரம் வீணாயிற்று."
(3) "கடைக்குள் போனேன். வெளியே வர வழியில்லை. எஸ்கேப் சாவியை அழுத்தினேன், முழு விளையாட்டுமே மூடப்பட்டுவிட்டது."
(4) "ஒளியைத் திருப்பியதும் ஒரு படகு அதைப் பின்தொடர்ந்து வந்தது. அடுத்த பத்து நிமிடமும் அதையே செய்துகொண்டிருந்தேன். கிராமத்துக்குப் போகவேயில்லை."
(5) "கடற்கொள்ளையருடன் சண்டையிடும் வசதியைச் சேர்த்தால் நன்றாயிருக்கும்."
(6) "முதல் இரண்டு நிமிடமும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்புக்குறிச் சாவிகளை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. தற்செயலாகச் சுட்டியை அசைத்தபோதுதான் ஒளி திரும்பியது."

மேலே வாசிக்க முன்னர் சற்று நிறுத்தி, இவற்றுள் குழுவினருக்கு மிகவும் பயனுள்ளது எது என உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. பின்னூட்டலின் வகைகள்

மேற்படி ஆறு கருத்துகளையும் நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

(அ) தீர்ப்பு: 1 ஆம், 2 ஆம் கருத்துகள் இவ்வகையின. ஒன்று புகழ்கின்றது, மற்றையது இகழ்கின்றது. ஆயினும் இரண்டும் ஒரே குறைபாட்டை உடையன. விளையாட்டில் எதனை மாற்றுவது, எதனை மாற்றாதிருப்பது என்பதை அவை கூறவில்லை. இகழ்ச்சி மனதைப் புண்படுத்துவதால் அதனை நாம் நீண்ட நேரம் நினைத்துக்கொண்டிருப்போம். புகழ்ச்சி மகிழ்வூட்டுவதால் அதனைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். இரண்டிலிருந்தும் கற்பதற்கு அதிகம் இல்லை.

(ஆ) வழு அறிக்கை: 3 ஆம் கருத்து. என்ன செய்தார், என்ன நிகழ்ந்தது என்பன ஒழுங்காகக் கூறப்பட்டுள்ளன. இதனை வைத்து அதே வழுவை மீண்டும் உண்டாக்கிப் பார்க்கலாம். மீண்டும் உண்டாக்கக்கூடிய வழுவை நீக்குவது எளிது.

(இ) அனுபவக் கூற்று: 4 ஆம், 6 ஆம் கருத்துகள். இவற்றை எழுதியவர்கள் நன்று, தீது எனக் கூறவில்லை. தமக்கு நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறினர். 6 ஆம் கருத்தில் குறிப்பிடப்படுவது வழு அன்று. செய்நிரல் எழுதப்பட்டவாறே சரியாக இயங்கியது. எனினும் அறிவுறுத்தல் இல்லாமையால் பயனர் இரண்டு நிமிடங்களை இழந்தார். குறிமுறையை எத்தனை தடவை பரிசோதித்தாலும் இக்குறை வெளிப்படாது.

(ஈ) ஆலோசனை: 5 ஆம் கருத்து. ஆலோசனையை அப்படியே நிறைவேற்றுவது அவசியமன்று. ஆனால் அதனைப் புறக்கணிப்பதும் பொருத்தமன்று. "இவர் ஏன் சண்டையை விரும்பினார்?" என வினவிப் பாருங்கள். முதலாவது படகும் பத்தாவது படகும் ஒரே விதமாக வருகின்றன. சிறிது நேரத்தில் சவால் குறைந்துவிடுகின்றது. அவர் உணர்ந்த குறை இதுவாக இருக்கலாம். அதற்கு அவர் கண்ட தீர்வே கடற்கொள்ளையர். குறை உண்மையானதாயினும் தீர்வு வேறாக இருக்கலாம். காற்று, பாறை, மூடுபனி என்பவற்றுள் ஒன்றைச் சேர்த்தாலும் சவால் கூடும். அதற்கு ஆகும் வேலையோ மிகக் குறைவு.

நினைவிற் கொள்க: குறையை உணர்வதில் பயனர் பெரும்பாலும் தவறுவதில்லை. தீர்வைத் தெரிவுசெய்வது உருவாக்குநரின் பொறுப்பாகும்.

5. சோதனை வகைகளுடனான தொடர்பு

செய்நிரலின் உட்கட்டமைப்பை அறிந்துகொண்டு செய்யப்படுவது வெண்பெட்டிச் சோதனை. உட்கட்டமைப்பை அறியாது, உள்ளீட்டையும் வருவிளைவையும் மாத்திரம் நோக்கிச் செய்யப்படுவது கறுப்புப்பெட்டிச் சோதனை. விளையாடுபவர் குறிமுறையைப் பார்ப்பதில்லை. அவர் சாவியை அழுத்துகின்றார், திரையைப் பார்க்கின்றார். எனவே அவர் செய்வது கறுப்புப்பெட்டிச் சோதனையை ஒத்ததாகும்.

குழுவினர் தாமே நூறு தடவை விளையாடியும் 6 ஆம் குறையை ஏன் காணவில்லை? சுட்டியால்தான் ஒளி திரும்பும் என்பது அவர்களுக்கு முன்னரே தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல் நடித்துச் சோதிக்க எவராலும் இயலாது. ஆகையால் பிறர் ஒருவரின் கண் கட்டாயம் தேவைப்படுகின்றது. உங்கள் கட்டுரையில் உள்ள எழுத்துப்பிழை உங்கள் கண்ணில் படாமல், பக்கத்து மாணவரின் கண்ணில் உடனே படுவதும் இதே காரணத்தினாலாகும்.

சமர்ப்பிக்கப்பட்ட முடிவுறாத விளையாட்டை மூலவகை மாதிரி எனக் கருதலாம். முறைமையின் முக்கிய பகுதியை மட்டும் விரைவாக ஆக்கி, பயனரிடம் காட்டி, அவர் கூறுவதற்கேற்பத் திருத்தி, மீண்டும் காட்டுவது மூலவகை முறையாகும். நீர்வீழ்ச்சி மாதிரியில் பயனர் முறைமையைக் காண்பது பெரும்பாலும் இறுதியிலேயே. அப்போது பெரிய தவறொன்று தெரியவந்தால் திருத்தும் செலவு அதிகம்.

6. புள்ளிகளை வாசிக்கும் முறை

இரண்டு விளையாட்டுகளுக்குத் தலா பத்துப் பேர் 5 இற்குப் புள்ளியிட்டனர் எனக் கொள்க. முதலாவது விளையாட்டுக்குப் பத்துப் பேரும் 3 புள்ளிகள் இட்டனர். இரண்டாவதுக்கு ஐவர் 5 புள்ளிகளும் ஐவர் 1 புள்ளியும் இட்டனர். இரண்டினதும் இடை 3 ஆகும். ஆனால் நிலைமை ஒன்றல்ல. முதலாவதை எவரும் வெறுக்கவில்லை, எவரும் பெரிதாக விரும்பவும் இல்லை. இரண்டாவதைப் பாதிப்பேர் மிகவும் விரும்பினர். மீதிப் பாதியினருக்கு ஏதோ ஒரு தடை ஏற்பட்டுள்ளது. அவர்கள் கடையினுள் அகப்பட்டவர்களாகவும் இருக்கலாம்! அவ்வாறாயின் ஒரு வழுவை நீக்கினாலே புள்ளி உயரக்கூடும். எனவே இடையை மாத்திரம் பார்த்து முடிவெடுத்தல் தவறாகும். பரம்பலையும் கருத்துகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கருத்துக் கூறுபவர் யார் என்பதையும் நோக்குக. கேம் ஜாமில் புள்ளியிடுவோர் பெரும்பாலும் தாமும் விளையாட்டு உருவாக்குபவர்களே. ஒலி இல்லாதிருந்தால் "நேரம் போதாமற் போயிருக்கும்" எனப் பொறுத்துக்கொள்வர். சாதாரண பயனர் அவ்வாறு பொறுத்துக்கொள்ளார்.

7. பின்னூட்டலைப் பதிவுசெய்து பயன்படுத்துதல்

குழுவினர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

படி 1: ஒவ்வொரு கருத்தையும் இலக்கமிட்டுப் பதிவுசெய்தல். செய்த செயல், எதிர்பார்த்த விளைவு, உண்மையில் நிகழ்ந்தது என மூன்று நிரல்கள் போதும். 3 ஆம் கருத்துக்கான பதிவு இவ்வாறு அமையும். செய்த செயல்: கடைக்குள் சென்று எஸ்கேப் சாவியை அழுத்தினார். எதிர்பார்த்தது: கடை மாத்திரம் மூடப்படும். நிகழ்ந்தது: முழு விளையாட்டும் மூடப்பட்டது.

படி 2: வழு, விளக்கக் குறைவு, வடிவமைப்புக் குறைவு, புதிய ஆலோசனை என வகைப்படுத்தல்.

படி 3: ஒரே குறையை எத்தனை பேர் கூறினர் என எண்ணுதல். ஒருவர் கூறியது அவரது விருப்பமாக இருக்கலாம். பலர் தனித்தனியே கூறியது முறைமையின் குறையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

படி 4: முன்னுரிமை வழங்குதல். விளையாட்டைத் தொடர முடியாமற் செய்யும் வழு முதலிடம் பெறும். எல்லோரும் சந்திக்கும் ஆரம்ப நிமிடங்களின் குறை அடுத்தது. புதிய வசதிகள் இறுதியில்.

படி 5: திருத்தியபின் மீண்டும் சோதித்தல். ஒரு வழுவை நீக்கும்போது வேறொன்று புதிதாகத் தோன்றக்கூடும்.

பின்னூட்டலைப் பெறும்போது தவிர்க்க வேண்டிய செயல் ஒன்று உண்டு. ஒருவர் விளையாடும்போது அருகில் நின்று, "அதை அழுத்து, இப்படித் திருப்பு" எனக் கூறக்கூடாது. நீங்கள் வாய் திறந்த கணத்திலேயே சோதனை கெட்டுவிடும். விளையாட்டு வெளியானபின் ஒவ்வொருவரின் அருகிலும் நீங்கள் நிற்கப்போவதில்லை. "நீங்கள் சரியாக விளையாடவில்லை" என வாதாடுவதும் பயனற்றது. அவர் தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொள்வதே உங்கள் வேலை.

8. மிகக் கடினமான தீர்மானம்

இப்போது 4 ஆம் கருத்துக்கு வருவோம். பார்வைக்கு இது பாராட்டுப் போன்றது. ஆயினும் குழுவில் ஒருவருக்கு இது வேதனை தந்திருக்கும். கிராமத்தவர்களின் உரையாடல்களை எழுதியவர், திட்டமிட்ட உறக்கத்தையும் விட்டு உழைத்தவர். "கிராமத்துக்குப் போகவேயில்லை" என்ற சொற்களை அவர் எவ்வாறு வாசித்திருப்பார்?

இவ்விடத்தில் இரண்டு தவறுகள் நேரலாம். ஒன்று, "அந்த வீரர் பொறுமையற்றவர்" எனக் கூறிக் கருத்தைத் தள்ளிவிடுதல். மற்றையது, "என் உழைப்பு வீண்" என எண்ணி விளையாட்டையே கைவிடுதல். கருத்தில் உள்ளதை மாத்திரம் வாசித்தால் இரண்டும் தேவையற்றவை எனத் தெரியும். கிராமம் மோசமானது என அவர் கூறவில்லை. அவர் அங்கு செல்லவே இல்லை. ஒளியைத் திருப்புதல் அவரைப் பத்து நிமிடங்கள் பிடித்து வைத்திருந்தது. இவ்விளையாட்டின் உயிர்நாடி எதுவென்பதைக் குழுவினர் 72 மணித்தியாலங்களில் அறியவில்லை. ஒரு வாசகத்தில் அறிந்துகொண்டனர்.

இதனால் எடுக்கக்கூடிய தீர்மானம் யாது? ஐந்து தீவுகளை ஒன்றாக்கலாம். கடையை நீக்கிவிடலாம். கிராமத்தை விளையாடுபவரிடம் கொண்டுவரலாம்: கரைசேரும் ஒவ்வொரு படகிலிருந்தும் ஒருவர் இறங்கி இரண்டு வரிகள் பேசுவார். எழுதப்பட்ட உரையாடல்கள் இப்போது எல்லோர் கண்ணிலும் படும். அது மட்டுமன்றி, படகில் வருபவர் யாரென அறிந்தபின் அவரைப் பாறையில் மோதவிடாது காப்பதில் விளையாடுபவருக்கும் அக்கறை பிறக்கும். வேலையின் பரப்பு குறைந்தது; விளையாட்டின் பொருள் குறையவில்லை.

வழுக்களைக் காட்டுவதோடு எதனை வைத்திருப்பது, எதனை நீக்குவது எனத் தீர்மானிப்பதற்கான ஆதாரத்தையும் பின்னூட்டல் தருகின்றது. அறிமுகத்தில் நாம் கூறிய மீதிப் பாதி விடை இதுவே.

9. உண்மை நிகழ்வு ஒன்று

அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரைச் சேர்ந்த அரி கிப்சன், வில்லியம் பெலன் ஆகிய இருவரும் 2013 ஓகஸ்டில் நடைபெற்ற 27 ஆவது லூடம் டாரேயில் பங்குபற்றினர். கருப்பொருள் '10 செக்கன்கள்' என்பதாகும். அவர்கள் ஆக்கிய 'ஹங்ரி நைட்' எனும் சிறு விளையாட்டில், பசியால் இறந்துபோகாதிருக்கப் பூச்சிகளைக் கொல்லும் ஒரு குட்டி வீரன் வருகின்றான். பின்னர் விளையாட்டுத் தளமொன்றில் அது ஆரம்பத்தில் மிகக் குறைந்த மதிப்பீட்டையே பெற்றது.

2014 ஏப்ரலில் 29 ஆவது நிகழ்வின் கருப்பொருள் 'மேற்பரப்பின் கீழே' என்பதாகும். இம்முறை அவர்களால் கால எல்லையினுள் முடிக்க முடியவில்லை. எனினும் நிலத்தின் கீழே உள்ள பழைய இராச்சியம் என்ற எண்ணம் அவர்களிடம் தங்கிவிட்டது. குறைந்த மதிப்பீடு பெற்ற விளையாட்டின் குட்டி வீரனை அந்நிலக்கீழ் உலகினுள் இறக்கினர். அதுவே 'ஹொலோ நைட்' ஆயிற்று.

2014 நவம்பரில் பொதுமக்களிடம் 35,000 அவுஸ்திரேலிய டொலர் நிதி கோரினர். 57,000 டொலருக்கும் மேல் கிடைத்தது. விளையாட்டு 2015 செப்டெம்பரில் பீற்றா நிலையை அடைந்து, 2017 பெப்ரவரி 24 இல் வெளியாகி உலகெங்கும் பெயர்பெற்றது. குறைந்த புள்ளி பெற்ற ஆக்கத்தில் வைத்திருக்க வேண்டியது எது என அதனை ஆக்கியவர்கள் கண்டுகொண்டமையே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. புள்ளியை அவர்கள் ஆக்கத்தின் முடிவாகக் கொள்ளவில்லை.

பரப்பு விரியும் ஆபத்து அனுபவசாலிகளுக்கும் உண்டு. ஹொலோ நைட்டுக்கான மேலதிகப் பகுதியாகவே முதலில் எண்ணப்பட்ட 'சில்க்சோங்' வளர்ந்து தனி விளையாட்டாகியது. 2019 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட அது 2025 செப்டெம்பர் 4 இலேயே வெளியாயிற்று. 72 மணித்தியால எல்லை உள்ளவருக்கு அவ்வசதி இல்லை.

10. நீங்கள் பின்னூட்டல் வழங்கும்போது

உங்கள் வகுப்புத் தோழர் ஸ்கிறாச் மூலமோ பாஸ்கல் மூலமோ ஆக்கிய செயற்றிட்டத்தை உங்களிடம் காட்டினால் பின்வருவனவற்றைப் பின்பற்றுங்கள்.

(அ) செய்ததையும் நிகழ்ந்ததையும் வரிசையாகக் கூறுங்கள்.
(ஆ) எந்த இடத்தில் மகிழ்ந்தீர்கள், எந்த இடத்தில் நிறுத்த நினைத்தீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள்.
(இ) "சரியில்லை" என்பதற்குப் பதிலாக "எனக்கு இது விளங்கவில்லை" எனக் கூறுங்கள்.
(ஈ) முடிவுறாதது எனத் தோழரே அறிந்த பகுதிகளைப் பட்டியலிட்டு நேரத்தைச் செலவிடாதீர்கள். இருப்பது எவ்வாறு இயங்குகின்றது எனப் பாருங்கள்.
(உ) மனம் நோகுமே என அஞ்சி "நல்லாயிருக்கு" என மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அதனால் அவர் ஏமாற்றம் அடைவது தள்ளிப்போகுமே தவிர இல்லாமற் போகாது.

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: மாணவர் குழுவொன்று பாடசாலை நூலகத்துக்கான மென்பொருளின் மூலவகையை ஆக்கி நூலகரிடம் காட்டியது. அவர், "புத்தகத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் பழைய பதிவேட்டையே பார்த்தேன்" என்றார்.

(i) இது எவ்வகைப் பின்னூட்டல்? (1 புள்ளி)
(ii) இதனைக் குழுவினர் சோதித்தபோது காணாமைக்குக் காரணம் யாது? (2 புள்ளிகள்)
(iii) இப்பின்னூட்டலினால் குழுவினர் பெறும் இரு பயன்களைத் தருக. (2 புள்ளிகள்)

விடை:

(i) அனுபவக் கூற்று.
(ii) குழுவினர் தாம் உட்செலுத்திய புத்தகப் பெயர்களைச் சரியாக அறிவர். ஆகவே பிழையான உள்ளீட்டைக் கொண்டு சோதிக்கவில்லை.
(iii) தேடல் வசதியைத் திருத்த வேண்டும் என அறிதல். மென்பொருள் கடினமாயின் பயனர் பழைய முறைக்கே திரும்புவார் என அறிந்து, ஏனைய வசதிகளைச் சேர்க்க முன்னர் தேடலுக்கு முன்னுரிமை வழங்குதல்.

குறிப்பு: (iii) இல் "வழுவை அறியலாம்" என மட்டும் எழுதினால் முழுப் புள்ளியும் எதிர்பார்க்க முடியாது. இங்கு செய்நிரல் எழுதப்பட்டவாறே இயங்கியுள்ளது என்பதைக் கவனிக்க.

12. பயிற்சி வினாக்கள்

1. தீர்ப்பு, வழு அறிக்கை, அனுபவக் கூற்று, ஆலோசனை என்பவற்றுக்கு உமது சொந்த உதாரணம் ஒவ்வொன்று தருக.
2. வெளிச்சவீட்டு விளையாட்டின் 3 ஆம், 5 ஆம், 6 ஆம் கருத்துகளை முன்னுரிமைப்படி ஒழுங்குபடுத்திக் காரணம் கூறுக.
3. "பயனர் கேட்ட வசதிகள் அனைத்தையும் சேர்த்தலே சிறந்த முறைமையை உருவாக்கும் வழி." இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? விளக்குக.
4. மூலவகை முறையானது நீர்வீழ்ச்சி மாதிரியிலும் பொருத்தமாக அமையும் ஒரு சந்தர்ப்பத்தைக் குறிப்பிடுக.

செயற்பாடு: நீங்கள் தொடங்கி இடையில் நிறுத்திய செயற்றிட்டம் ஒன்றை இவ்வாரம் ஒரு நண்பரிடம் கொடுங்கள். பத்து நிமிடங்கள் பேசாது அருகில் அமர்ந்து, அவர் தடுமாறிய இடங்களையும் விரும்பி மீண்டும் செய்த இடங்களையும் கொப்பியில் எழுதுங்கள். முடிந்தபின்தான் காட்டுவேன் எனக் காத்திருக்க வேண்டாம். முடிக்க வேண்டியது எது என்பதை அந்தப் பத்து நிமிடங்களே உங்களுக்குச் சொல்லித் தரலாம்.